காற்று ராசாவின் தேரில் ஏறாத பெண்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. மற்ற இரண்டும் என் தம்பி மௌத்தான பிறகு என் கைக்கு வந்த பிள்ளைகள். எட்டையும் பள்ளிக்கூடம் அனுப்பினேன், எட்டுக்கும் கலியாணம் முடித்து வைத்தேன். அந்த எட்டில் ஒன்றுகூட இன்றுவரை என் முகத்துக்கு நேரே "நீங்க சொல்லுறது பொய்" என்று சொன்னதில்லை. கடைசியில் அதைச் சொன்னது ஒரு படம்.

போன பெருநாளுக்கு அடுத்த நாள் பகல், என் மூன்றாவது மகள் வீட்டு ஹோலில் பிள்ளைகள் எல்லாரும் பெரிய டிவிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இந்தியாவில் எடுத்த படமாம், பழைய காலத்து நாவல் ஒன்றைப் படமாக்கியிருக்கிறார்களாம், கம்ப்யூட்டரால் குதிரையை வானத்தில் பறக்க விட்டிருக்கிறார்களாம் என்று பேத்தி சுமையா சொன்னாள். என்ன கதை என்று கேட்டேன். மழையில்லாத ஒரு நாடு, காற்றை ஆளுகிற ஒரு ராசா, அவனுக்குப் பெண் கொடுத்தால் மழை வரும் என்று மகளைப் பேசிக் கொடுக்கிற அரசன் என்று அவள் தொடங்கி இரண்டு வசனம் முடியவில்லை, மிச்சத்தை நானே சொன்னேன். தேரின் நிறம் சொன்னேன், குதிரைகள் எத்தனை என்று சொன்னேன். மூன்றாம் வகுப்போடு நின்ற உம்மம்மாவுக்கு நாவல் எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. உடனே ஆள் அனுப்பி என் கூடப்பிறந்த மூத்தவள் கதீஜா ராத்தாவையும், மாமாவின் மகள் ஜெமீலா மச்சியையும் கூப்பிட்டேன். எங்கள் மூன்று பேருக்கும் அது எங்கள் சொந்தக் கதை.

சொந்தக் கதை என்பதால்தான் முதலிலிருந்தே எனக்கு அந்தப் படத்தில் சந்தேகம். இளவரசி மாவைப் போல வெள்ளையாக இருந்தாள். எங்கள் "கிதாப்"பில், அதாவது சின்ன வயதில் எங்களுக்கு வாசித்த புத்தகத்தில், அவள் நெடுத்த, கறுத்த பெண். வலப்பக்க நாடியில் மச்சம் உண்டு. டிவிக்காரிக்கு மச்சத்தைக் காணவில்லை. சின்னப் பிள்ளைகள் குதிரை பறக்கும்போதெல்லாம் கை தட்டினார்கள். மருமகள்மார் இளவரசியின் நகைகளை எண்ணினார்கள். ஜெமீலா மச்சிக்கு அரசனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"இவ்வளவு பொன்னத் தூணுல ஒட்டி வெச்சிரிக்கான், ஒரு கிணறு தோண்ட ஏலாமப் போச்சா இவனுக்கு?" என்றாள். "மழ இல்லாட்டி வாய்க்கால வெட்டு மனே. புள்ளய என்னத்துக்குக் குடுக்காய்?"

"மாமி, படத்தப் பாருங்க, ராசாவோட சண்டைக்குப் போகாதீங்க" என்று என் மருமகன் சிரித்தார்.

கடைசிக் கட்டம் வந்தது. சபை கூடியிருக்கிறது, காற்று ராசாவின் தேர் வாசலில் நிற்கிறது. இந்த இடத்தில்தான் இளவரசி தலை நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்து, "என்னைக் கேளாமல் அல்லவா பேசினீர்கள்? எனக்கு விருப்பமில்லை" என்று சொல்ல வேண்டும். தேர் வெறுமையாகத் திரும்பிப் போக, அது போன பின்னாலும் மழை பெய்ய வேண்டும். நானும் மச்சியும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம். டிவிக்காரியோ தலையைக் குனிந்தாள், ஒரு சொல் பேசவில்லை, போய்த் தேரில் ஏறினாள். மலையுச்சியில் கல்லாகிப் போனாள். மழை கொட்டியது. பாட்டு வந்தது. ஹோலில் இருந்த இளசுகள் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார்கள்.

"பொய்!" என்று கத்தினேன். "நிப்பாட்டுங்க இத!"

"அவள் ஏறல்லகா!" என்று மச்சியும் எழும்பிவிட்டாள். "அவள் வாப்பாக்கிட்டக் கேட்டவள். கேட்டுப்போட்டு உள்ளுக்குப் போனவள். எங்களுக்குத் தெரியாதா?"

சுமையா போனைத் தடவி அந்த நாவலையே எடுத்துக் கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். அதிலும் பெண் பேசவில்லை; அதிலும் கல்லாகத்தான் போனாள். படத்துக்கு ஏற்ற மாதிரி இப்போது மாற்றி அடித்திருப்பார்கள் என்றேன். அவள் பழைய புத்தகத்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "இது நீங்க பொறக்க முன்ன அடிச்சது உம்மம்மா" என்றாள். பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கினார்கள். அந்த மரியாதை சிரிப்பைவிடப் பொல்லாதது.

அப்போதுதான் திரும்பி ராத்தாவைப் பார்த்தேன். எண்பத்து மூன்று வயதுக்காரி, எங்களோடு சேர்ந்து கத்தவுமில்லை, மற்றவர்களோடு சேர்ந்து அழவுமில்லை. வட்டிலப்பத்தைக் கரண்டியால் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தாள். என் சந்தேகம் படத்தை விட்டு அவள்மேல் ஏறியது.

ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் என் ஒன்பதாம் வயதுக்குப் போக வேண்டும்.

பெரும்போக நெல் வெட்டு முடிந்து, வைக்கோல் மணம் ஊருக்குள் வந்துவிட்ட மாதம் அது. உம்மாவின் தங்கை ருகையா சாச்சி எங்களுக்கு அடுத்த வளவில் இருந்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் பெண்களுக்குள் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். காற்று ராசா கதை அவள் பாண்டிருப்பில் ஒரு ரீச்சரிடம் இரவல் வாங்கிய தடித்த புத்தகம், அட்டை போனது, திறந்தால் கற்பூரம் மணக்கும். பகல் லுஹர் தொழுது முடிந்ததும் பெண்கள் சுளகும் அரிசியுமாக வந்து சேர்வார்கள். கல் பொறுக்குகிற கை பொறுக்கிக்கொண்டேயிருக்க, பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் வரை சாச்சி வாசிப்பாள். வாப்பாவுக்கு அது பிடிக்காது. "பொய்க் கிதாப்" என்பார். ஆனால் மைத்துனி வீட்டு விசயம் என்பதால் விட்டுவைத்தார்.

அதே மாதத்தில்தான் ராத்தாவுக்குக் கலியாணம் பேசினார்கள். அவளுக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளை சம்மாந்துறைப் பக்கம் ஒரு போடியார். நாற்பது வயது, பெண்சாதி மௌத்தாகி இரண்டு பிள்ளைகள். வாப்பா செய்துகொண்டிருந்த வயல் அவருடையது. போடியார் வாய் திறந்து கேட்டுவிட்டால் வாப்பாவால் மறுக்க முடியாது. மறுத்தால் அடுத்த போகத்துக்கு வயல் இல்லை. எல்லாம் பேசி முடித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பெண்ணிடம் கேட்பது என்று வைத்தார்கள். எங்கள் பக்கம் கேட்பது என்றால் இப்படித்தான்: பெண் அறைக்குள் முக்காட்டோடு இருப்பாள், வாப்பாவும் மாமாவும் வாசல் சீலைக்கு வெளியே நின்று "சம்மதமா மகள்?" என்று மூன்று தரம் கேட்பார்கள், பெண் பேசமாட்டாள், உள்ளே இருக்கிற மூத்த பெண் ஒருத்தி "புள்ள பேசாம இரிக்கி, சம்மதம்தான்" என்று சொல்லிவிடுவாள். அதுவரை எங்கள் வளவில் எவளும் அந்தச் சீலைக்குப் பின்னால் வாய் திறந்ததில்லை.

சாச்சி கடைசி அத்தியாயத்தை மூன்று நான்கு நாளாக வாசிக்காமல் இழுத்தாள். ஒரு நாள் தொண்டை சரியில்லை, ஒரு நாள் தலையிடி. வியாழக்கிழமைதான் வாசித்தாள். இளவரசி சபையில் வாப்பாவைக் கேட்ட இடம் வந்ததும் சுளகுகள் நின்றுவிட்டன. ஜெமீலா மச்சி, அப்போது என் வயதுப் பிள்ளை, "இன்னொருக்கா வாசிங்க சாச்சி" என்றாள். சாச்சி அதை இரண்டாம் தரமும் வாசித்தாள். ஒரு தரம் காதில் விழுந்தாலே எனக்குப் பாடமாகும். இரண்டாம் தரம் கேட்டதும் கல்லில் வெட்டினது போல ஆகிவிட்டது.

மறுநாள் வாப்பா சீலைக்கு வெளியே நின்று மூன்றாம் தரம் கேட்டபோது ராத்தா சொன்னாள்: "என்னக் கேக்காமத்தானே வாப்பா பேசினீங்க. எனக்கு விருப்பமில்ல."

அறைக்குள் இருந்த பெண்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்தது. ஒருத்தி வாய் விட்டே "கிதாப்ல வந்த மாதிரியே சொல்லுறாள்கா" என்றாள். அது வாப்பாவின் காதுக்குப் போய், அவர் நேரே சாச்சி வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"இது கிதாப்ல கிடக்கா, இல்லாட்டி நீ புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தாள் என்று ஆகியிருந்தால் சாச்சிக்கு அதன் பிறகு எங்கள் வாசல் இல்லை. ராத்தாவுக்குப் போடியார் வீடுதான்.

"கிதாப்லதான் மச்சான் கிடக்கு" என்றாள் சாச்சி.

"நீ வாசிக்க வேணாம். கதீஜாவும் வேணாம்" என்றார் வாப்பா. வெளி ஆளிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுத்தால் வீட்டு விசயம் தெருவுக்குப் போகும். வாப்பாவுக்கோ எழுத்துத் தெரியாது. சுற்றிப் பார்த்தார்; பள்ளிக்கூடம் போகிற நான் நின்றேன். "மகள், நீ வாசி."

சாச்சி கடைசிப் பக்கங்களைத் திறந்து என் மடியில் வைத்தாள். அவள் கை குளிராக இருந்தது. நான் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை. ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அஸர் ஆகிவிடும். ஆனால் வாசிக்கத் தெரியாது என்று வாப்பாவுக்கு முன்னால் சொல்ல என் பெருமை விடவில்லை. விரலை வரியில் வைத்து ஓட்டிக்கொண்டே, முதல் நாள் காதால் கேட்டதை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். அங்கே எழுதியிருப்பதும் அதுதானே, நான் செய்வது களவு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வாப்பா என் விரல் கடைசி வரியில் நிற்கும் வரை கேட்டார். பிறகு, "சரி. புள்ளைல குத்தமில்ல, கிதாப்ல குத்தம்" என்றார். புத்தகத்தைச் சீலையில் சுற்றித் தன் கையாலேயே பாண்டிருப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். போடியாருக்கு என்ன சொன்னாரோ, அடுத்த போகத்துக்கு வயல் இல்லை. ஏர் பிடித்த மனிதர் கரைவலை இழுக்கக் கடற்கரைக்குப் போனார். ராத்தா நாலு வருடம் கழித்துத் தனக்குப் பிடித்த ஒருவரைக் கலியாணம் முடித்து, பிள்ளை குட்டியோடு நன்றாகவே வாழ்ந்தாள். அந்த வருட முடிவோடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார் வாப்பா. "இவள் இந்த வயசுலயே இப்பிடி வாசிக்காள். இன்னும் படிச்சா என்னெல்லாம் வாசிப்பாள்" என்றார். நான் அழுதேன். ஆனாலும் என் ராத்தாவுக்காக உண்மையை வாசித்த பிள்ளை நான் என்ற நினைப்பு இருந்தது. எழுத்துப் போனதற்கு ஈடாக அந்த நினைப்பைத்தான் இத்தனை வருடமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்து பிள்ளைகள் கலைந்ததும் ராத்தாவின் பக்கத்தில் போய் இருந்தேன்.

"உனக்கு முதல்லயே தெரியுமாகா?"

"என்னத்த?"

"அவள் தேருல ஏறினது."

கரண்டியை வைத்தாள். "அண்டே தெரியும். சாச்சி தொழப் போன நேரம் கடைசிப் பக்கத்த நானே களவா எழுத்துக் கூட்டி வாசிச்சுப்போட்டு அழுதன். சாச்சி கண்டுட்டா. 'நீ என்ன சொல்லப்போறாய் எண்டு சொல்லு, அத நான் முதல்ல வாசிச்சு வெக்கிறன், பழி கிதாப்புக்குப் போகட்டும்' எண்டா."

"அந்த நாடி மச்சமும் அப்பிடித்தானா?"

"அது சாச்சிர வேல" என்று தன் வலப்பக்க நாடியில் இருந்த மச்சத்தைத் தடவினாள். "உன்ன வாசிக்கச் சொன்ன நேரம் சாச்சிக்கு உசிரே இல்லயாம். நீ நேரா வாசிச்சிருந்தா ரெண்டு பேரும் முடிஞ்சம். உனக்கு வாசிக்கத் தெரியாததாலதான் தப்பினன்."

"என்னப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டின அண்டைக்காவது வாப்பாக்கிட்ட அதச் சொல்லியிருக்கலாமே. இவளுக்கு வாசிக்கத் தெரியாது, இவள விடுங்க எண்டு."

"சொன்னா நான் போடியாரூட்டுக்குப் போயிருப்பன்."

"நான் நாலாம் வகுப்புக்குப் போயிருப்பன்."

"ஓம்" என்றாள் ராத்தா.

கோபமா என்று கேட்டால் கோபம்தான். அவள் உள்ளூரில் இருந்தும் இரண்டு வாரம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் வாரம் போனேன். பிறகு என்ன, அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. சாச்சியிடம் கேட்க வழியில்லை. அவள் மௌத்தாகி முப்பது வருடத்துக்கு மேல். அவளுடைய வீட்டை, சுனாமியாகக் கடல் வந்த வருடம் கடலே கொண்டுபோய்விட்டது, அந்த வளவில் இப்போது கிணற்றின் வட்டம் மட்டும்தான் தெரிகிறது. எழுத்துத் தெரிந்த பெண்கள் இப்போது வீட்டுக்கு நாலு பேர். ஒருத்தி சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டு நம்புகிற வழக்கம் போய்விட்டது. ஒவ்வொருத்தியும் தன் போனில் தனியாக வாசிக்கிறாள், யார் எதை மாற்றினார் என்று பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரிவதில்லை. அது நல்லதா கெட்டதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கள் வளவுப் பெண்கள் பத்துப் பேர் சுமந்த கதையில் அவள் தேரில் ஏறவில்லை. அந்தப் பத்துப் பேரில் இப்போது நாங்கள் மூன்று பேர்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லச் சுமையா எழுதினாள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் நான் வாயை மூடிய பிறகும் அவளுடைய கை ஓடிக்கொண்டிருந்ததை இரண்டு தரம் கண்டேன். கேட்டதற்கு "சும்மா, புள்ளி வெச்சன் உம்மம்மா" என்கிறாள். அவ்வளவு நேரம் வைக்கிற புள்ளி எது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் அவளுடைய தங்கையைக் கூப்பிட்டிருக்கிறேன். "அஸ்மா, இஞ்ச வா மனே. எழுதினவள் வாசிக்க வேணாம். நீ வாசி, மொதல்ல இரிந்து. கிடக்கிறதத்தான் வாசிக்கணும்."