ஒரு ராத்திரி மாவு

கஹெம்பா சாலையில் எந்த லாரிக்காரனை நிறுத்திக் கேட்டாலும் கபேண்டாவின் பேரைச் சொல்வான். பள்ளிக்கூடம் போனது இரண்டே மழைக்காலம். ஆனால் அந்த ஊரில் முதல் தகரக் கூரை அவனுடையது, அதுவும் சும்மா வந்ததில்லை. கசப்பு மரவள்ளிக் கிழங்கை, கசப்புப் போக மூன்று ராத்திரி ஓடைக்குழியில் ஊறப்போட்டு மாவாக்குவது வழக்கம். "மூணு ராத்திரி குழியில கிடந்தா திருடன்தான் திம்பான். ஒரு ராத்திரி போதும், லாரிக்கு ரெண்டு மடங்கு மூட்டை" என்று பெண்களை மாற்றியவன் அவன். படித்தவன் எவனுக்கும் தோன்றாத யோசனை. ஊரே அதில் பிழைத்தது.

மாவு மூட்டை மேல் ஏறி நின்று கூவி விற்பவள் மூத்த மகள் மாசெங்கோ, ஏழு வயசு. அவள் குரல் அடுத்த மேடு வரை கேட்கும். இந்த வறட்சியில் பீன்ஸ் இல்லை, மீன் இல்லை, இரண்டு வேளையும் வெறும் களி. ஒரு நாள் காலை எழுந்தவளுக்குக் கால் விறைத்திருந்தது. "அப்பா" என்ற சொல்லே இழுத்து இழுத்து, பாதியில் நின்றது.

சூனியம் என்றாள் மனைவி முசாவு. மருந்தகத்து பிலோமென் அம்மா வேறு மாதிரி சொன்னாள்.

"சரியா ஊறாத மாவுல விஷம் நிக்குது அண்ணே. கூட மீன், பீன்ஸ் போனா உடம்பு கழிச்சிடும். வெறும் களின்னா மூளையைப் பிடிக்குது. காலையும் நாக்கையும் ஆட்டுறது மூளைதானே."

"நான் பொறந்ததுலேர்ந்து திங்கிறேன். என் வாய்க்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல, ஊருக்கே பேசும். நீங்க வளந்தது மூணு ராத்திரி மாவுல."

அவன் மாசெங்கோவின் காலைத் தொட்டுப் பார்த்தான். "இவளுக்குத் திரும்புமா?"

"போனது வரும்னு சொல்லமாட்டேன். சின்னவளையாவது பாருங்க."

மறுநாள் லாரி வந்தது. "எங்கண்ணே நம்ம ஒலிபெருக்கி? மேல ஏத்திவிடு" என்று சிரித்தான் டிரைவர். வாசலில் சாய்ந்திருந்த மாசெங்கோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்த ஊர்ல சரக்கு இல்ல. மூணு ராத்திரி கழிச்சு வா."

"அடுக்கி வச்சிருக்கியே, அதென்ன மணலா?"

"அது ஆகாதுப்பா. அதைத் தின்னுதான் என் பிள்ளைக்கு நாக்கு போச்சு."

டிரைவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இதை வெளிய சொல்லாத. அடுத்த ஊர்லயும் ஒரு ராத்திரிதான். நீ சொல்லிக்குடுத்ததுதானே?"

லாரி ஒரு மூட்டையும் ஏற்றாமல் அடுத்த ஊருக்குப் போயிற்று. மூட்டையோடு காத்திருந்த பெண்கள் கபேண்டாவைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

அன்று காலை குழியில் போட்ட கிழங்கு எடுக்க இன்னும் மூன்று நாள். வீட்டில் இருப்பதோ அதே மாவு. சின்னவள் கபெடி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, பசிக்குது." சொல் முழுசாக வந்தது.

"கிண்டட்டுமா, வேண்டாமா?" என்றாள் முசாவு.

யாரிடமும் கை நீட்டாத கபேண்டா தட்டை எடுத்துக்கொண்டு, காலையில் திட்டியவர்கள் வீட்டுக்கே போனான். மூன்று வீட்டில் இல்லை என்றார்கள். நாலாவது வீட்டில் ஒரு கைப்பிடி பீன்ஸ் கிடைத்தது. திரும்பி வந்து, "கிண்டு" என்றான். பீன்ஸை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துப் போட்டுவிட்டு, சின்னவள் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும், "உன் பேர் என்ன, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.