சித்தியின் வகுப்பில் சூனியக்காரி

பன்னிரண்டு சீட்டையும் எழுதியது நான்தான். அதனால் அந்த வகுப்பில் சூனியக்காரி ஒருத்திகூட இல்லை என்பது சித்தியைத் தவிர எனக்கு மட்டுமே தெரியும். தெரிந்தும் நான் செய்த காரியத்தை நினைத்தால், இன்றைக்கும் என் காதை நானே பிடித்துத் திருகிக்கொள்ளலாம்போல வருகிறது.

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சித்தி ஆங்கில வகுப்பு நடத்தினாள். ஏபிசிடி வகுப்பு இல்லை. நன்றாகவே பேசத் தெரிந்து, வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கானது. அன்றைய பாடம், ஐரோப்பாவில் சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைக் கொளுத்திய வரலாறு. மாட்டுக்குப் பால் வற்றினாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துக் கட்டினார்களாம். சித்தி ஆங்கிலத்திலேயே கொதித்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது.

பிறகு விளையாட்டு. ஆளுக்கொரு சீட்டு. யாரிடமும் காட்டக் கூடாது. ஆங்கிலத்தில் மட்டுமே கேள்வி கேட்டுக் குடைந்து, சூனியக்காரி யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். உண்மையில் பன்னிரண்டிலும் நான் எழுதியிருந்தது 'ஊர்க்காரர்'தான். இல்லாத ஒருத்தியைத் தேடி மனிதர்கள் எப்படியெல்லாம் கடித்துக்கொள்வார்கள் என்று காட்டுவது சித்தியின் திட்டம்.

அடடா, என்னமாய்க் கடித்துக்கொண்டார்கள்! பத்தே நிமிடத்தில் எல்லா விரலும் குருசுக்குப்பத்து நர்ஸ் அக்காவை நோக்கித் திரும்பியது. அவள் அதிகம் பேசமாட்டாள். அது போதாதா? பேச்சுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவள். இந்த முறையும் தவறினால் வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போய்விடும். தினமும் மாடி ஏறுவதற்கு முன் சித்தியின் ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சாமல் போகமாட்டாள்.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் சித்தி ஒரு சீட்டை மட்டும் மாற்றியிருந்தால்? படிக்கட்டு ஓரம் இருந்த அக்காவின் கைப்பையைத் திறந்தேன். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய எலுமிச்சம்பழம்.

"சித்தி, இவங்க பையில எலுமிச்சம்பழம் இருக்கு!"

அத்தோடு வகுப்பில் ஆங்கிலம் நின்றது. "பஸ்ல வந்தா கொமட்டும். மோந்து பாக்க வச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

"குருசுக்குப்பத்துலேர்ந்து லாஸ்பேட்டைக்கு அப்பிடி இன்னாங்க பெரிய பயணம்?" என்று எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் கம்பெனியிலிருந்து வகுப்புக்கு வரும் சூப்பர்வைசர் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

சித்தி சீட்டுகளைப் பிரிக்கச் சொன்னாள். எல்லாமே ஊர்க்காரர். கை தட்டினார்கள், பிரமாதமான பாடம் என்றார்கள். ஆனால் மறுநாள் ஜோடி சேர்ந்து பேசிப் பழகும் நேரத்தில் அக்காவோடு சேர ஆளில்லை. ஒரு இடத்தில் மூன்று பேராக உட்கார்ந்துகொண்டார்களே தவிர, ஒருவரும் அவள் பக்கம் வரவில்லை. தனக்குப் பிடித்த பண்டிகையைப் பற்றி அவள் சுவரிடம் பேசினாள். சித்தி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அன்று காலையிலிருந்து அவள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது.

வகுப்பு முடிந்ததும் அடுப்படிக்கு என்னை இழுத்துப்போனாள். "அது நேத்து புள்ளயத் தூக்குச்சாடி?"

"தூக்குச்சு சித்தி. கன்னத்தக்கூட கிள்ளுச்சு."

அதற்கடுத்த நாள் எல்லோருக்கும் முன்னதாகவே அக்கா வந்துவிட்டாள். "நா இல்லன்னு சொல்லிடு. இனிமே இந்த பேட்ச்ல எடமில்லன்னும் சொல்லு" என்றாள் சித்தி. நான் வாசல் கேட்டுக்கு உள்பக்கம் நின்றபடியே இரண்டையும் சொன்னேன். உள்ளே தம்பி இருமி இருமி அழுதான். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"தம்பிக்குக் காய்ச்சலா? நெஞ்சுல சளி கட்டியிருக்கு. நாள் தள்ளாம டாக்டர்கிட்ட காட்டச் சொல்லும்மா."

பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள். பிறகு வரவேயில்லை. பரீட்சை எழுதினாளா, வெளிநாடு போனாளா, எதுவும் தெரியாது.

நான் மூச்சிரைக்க உள்ளே ஓடினேன். "காய்ச்சல்னு நா சொல்லவே இல்ல சித்தி! புள்ளயப் பாக்காமலே சொல்லிட்டாங்க!"

சித்திக்கு முகம் வெளிறிவிட்டது. தம்பியை இறுக்கி அணைத்துக்கொண்டு, "நல்லவேள, நீ கேட்டத் தொறக்கல" என்று என் தலையைத் தடவினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். தம்பி இருமியதைக் கேட்டதுமே, தொட்டுக்கூடப் பார்க்காமல், நெஞ்சில் சளி என்றார் அவர். எவ்வளவு கெட்டிக்கார டாக்டர் என்று நானும் சித்தியும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம்.