பெயர் எழுதாத மனு

கீழே கடை வைக்கலாம், மேலே குடியிருக்கலாம் என்று சித்தூரில் எங்கள் தெருவுக்கும் விதியை மாற்றிவிட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் எங்கள் சபைக்காரர்தான். முன்பு தன் முன்னறையில் மாவு மிஷின் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து மிளகாய் அரைப்பார். போதகர் கண்ணை மூடி ஜெபிக்க, வந்தவர்கள் எல்லாரும் தும்முவார்கள். அட, ஒரு மணி நேரம் நிறுத்தினால் குடியா முழுகிவிடும்? இரண்டு முறை கேட்டேன். "கஸ்டமர் காத்துக்கினு இருக்காங்கண்ணா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முனிசிபல் ஆபீசுக்குப் போனேன். தெலுங்கு சரளமாகப் பேசுவேன், எழுத வராது. வாசலில் மனு எழுதுகிறவர்தான் எழுதினார். யார் மேல் என்று கேட்டார். சபைக்காரரைப் பெயர் சொல்லி சர்க்காருக்கு எழுதுவது எங்களிடம் வழக்கமில்லை. நான் பெரிய யோக்கியன் மாதிரி, "பேர் வேணாம். குடியிருக்கிற தெருவுல கடையே கூடாதுன்னு எழுதுங்க" என்றேன். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் முன்னறையில் என் மனைவி பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் போர்டுகூட மாட்டியிருந்தோம். அது எனக்குக் கடையாகவே தோன்றவில்லை. என்ன புத்தியோ!

ஆபீசிலிருந்து வந்தவர்கள் மாவு மிஷினை நிறுத்தச் சொன்னார்கள். எங்கள் போர்டையும் கழற்றச் சொன்னார்கள். அவள் அவர்கள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்கு எடை போடப் போனார். அவள் தையல் மிஷினைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். விடிகாலை பஸ், நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆறு வருஷம். முட்டி போன பிறகுதான் வேலையை விட்டாள். தினமும் பஸ் ஸ்டாண்டு வரை நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அவமானமாகத்தான் இருந்தது முதலில். பிறகு அதுவும் மரத்துப்போயிற்று.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி மாவு மிஷின் போட விண்ணப்பத்தை நீட்டினார். "பக்கத்துல ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வேணுமாம். போட்டுக் குடுங்கண்ணா. அக்காவும் மறுபடி தைக்கலாமே."

தெலுங்குத் தாள். அடியில் தமிழில் போட்டுக் கொடுத்தேன். "ஸ்தோத்திரம்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"அன்னிக்கு அந்தத் தாள்லயும் கையெழுத்து மட்டும்தான் தமிழ்ல இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?" என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். தினம் பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிடும்போது, இன்னிக்குச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கினேதான் பஸ் ஏறுவேன்."