மாப்பிள்ளை விரல்

ஆதியம்மாளுக்குக் கையில் பத்து விரல். ஒன்பது வேலை செய்வதற்கு, ஒன்று அந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்கு.

ஒன்பது விரல்களிலும் ரேகை என்பது பெயருக்குக்கூட இல்லை. இருபது வருஷம் சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் மீன் ஆய்ந்து விற்றவள் அவள். ஐஸும் உப்பும் செதிலும் பாதி ரேகையைத் தின்றன. மிச்சத்தை, மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கும் கடலோர ரிசார்ட் ஒன்றில் கழிவறை கழுவுகிற ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் நாலே வருஷத்தில் முடித்துவைத்தன. உழைத்த கை என்று மேடையில் பேசுகிறவர்கள் புகழலாம். ரிசார்ட் வாசலில் மாட்டியிருக்கும் மிஷினுக்கு அந்தப் புகழெல்லாம் தெரியாது.

காலை ஏழு மணிக்குள் அந்த மிஷினில் விரல் வைத்தால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகக் கணக்கு. விரல் விழாவிட்டால், அதாவது ரேகை பதியாவிட்டால், "ப்ளீஸ் ட்ரை அகெயின்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் சொல்லும். வேலைக்காரிகள் அவளுக்கு அகெயின்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு அகெயின்காரி நல்ல மூடுல கீறாளா?" என்று விசாரித்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள்.

ஆதியம்மாளிடம் அகெயின்காரி மதித்தது ஒரே ஒரு விரலை. இடது கை மோதிர விரல். அது எப்படித் தப்பியதோ, கடவுளுக்கே வெளிச்சம். அது தெரிந்த நாளிலிருந்து அந்த விரலுக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி முடியாது. பழைய ரப்பர் கையுறையில் ஒரு விரலை மட்டும் வெட்டி, தொப்பி மாதிரி மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுவிடுவாள். வீட்டில் புளி கரைத்தாலும் அந்த விரல் எட்ட நிற்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் அதை மாப்பிள்ளை விரல் என்பார்கள். "ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுதா பாரு, மாமியார் வூட்டுக்கு வந்த மாப்ள கணக்கா!"

கேலி பேசட்டும். அவள் கஷ்டம் அவளுக்கு. புருஷன் இருசப்பனுக்கு முதுகுத்தண்டில் வட்டு விலகி ஐந்து வருஷம் ஆகிறது. படகைக் கரையேற்றும்போது தோள் கொடுத்தவன், அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தான். அதற்கப்புறம் கடலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்தபடி ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொடுப்பான், அதுவும் முதுகு விட்ட நாளில்தான். ரிசார்ட்டில் ஆதியம்மாளுக்கு ஒரு இன்சூரன்ஸ் கார்டு கொடுத்திருந்தார்கள். வேலையில் இருக்கும்வரை அந்தக் கார்டு செல்லும், புருஷனுக்கும் செல்லும். அந்தக் கார்டை வைத்து அலைந்து அலைந்து, வருகிற பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்று நாள் வாங்கியிருந்தாள். இன்னும் பதினோரு நாள்.

அந்த வாரம் ரிசார்ட்டில் ஒரு பெரிய கல்யாணம். ஆதியம்மாள் முதல் இரண்டு நாளும் ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்த்தாள். அறைக்கு அறை கம்பளத்தில் ஜிகினா, குளியல் தொட்டியில் மஞ்சள், வாஷ்பேசினில் மருதாணி. துடைத்து நிமிர்ந்தால் இடுப்பு ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். நின்றுகொண்டே தூங்கிவிடுவேனோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு அறையில் குளியலறை கழுவிக்கொண்டிருந்தபோது, மணப்பெண் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். ஒட்டு நகம் ஒன்று பிய்ந்து போயிருந்தது. கையில் சின்னப் பசை பாட்டில், வெளியே போட்டோக்காரன் கதவைத் தட்டுகிறான். பெண் பிய்ந்த நகத்தை விரல்மேல் வைத்து நீட்டினாள்.

"ஆண்ட்டி, ப்ளீஸ், கொஞ்சம் அழுத்திப் பிடிங்களேன். என்னால முடியல."

பெற்ற பெண் இருந்தால் இந்த வயசுதான் இருக்கும். ஆதியம்மாள் பிளீச்சிங் ஒட்டிய கையுறையைக் கழற்றினாள். மாப்பிள்ளை விரலின் தொப்பியும் கூடவே கழன்று வந்தது. திரும்ப மாட்ட நேரம் ஏது? நகத்தைப் பிடித்தாள். பெண் பாட்டிலை அழுத்தினாள். பசை நகத்தில் இரண்டு சொட்டு விழுந்தது, மீதி வழிந்து ஆதியம்மாளின் மோதிர விரல் நுனியில் பரவியது. ஐயோ என்று துடைப்பதற்குள் இறுகிவிட்டது. சிப்பி மேல் இருக்கிற ஓடு மாதிரி கெட்டி.

"ஒண்ணும் ஆகாது ஆண்ட்டி, ரெண்டு நாள்ல தானா விழுந்துடும்," என்று கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுப் பெண் ஓடினாள். ரெண்டு நாளாம்! அவளுக்கு ரெண்டு நாள் என்பது ஒரு ரிசப்ஷன், ஒரு தேனிலவு. ஆதியம்மாளுக்கு இருந்ததோ மறுநாள் காலை ஏழு மணி வரைக்கும்தான்.

சாயங்காலம் வெளியே போகும்போது வைத்துப் பார்த்தாள். அகெயின்காரி மூன்று தடவையும் கைவிரித்தாள். சூப்பர்வைசர் கலையரசன் பக்கத்தில் நின்றான். திருக்கழுக்குன்றம் பக்கத்துப் பையன், கெட்டவன் இல்லை.

"போறப்ப விழலன்னா நான் பாத்துக்கறேன்கா. காலைல வர்றப்ப விழணும். இந்த மாசம் உனக்கு ரெண்டு தபா கையால எழுதி அனுப்பிட்டேன். மூணாவது எழுதினா காண்ட்ராக்டர் ஒத்துக்க மாட்டான், வேற ஆளப் போட்டுடுவான். சொல்லிட்டேன், அப்பறம் எம்மேல கோச்சுக்காத."

பஸ்ஸில் நின்றபடி நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். அசையவில்லை. வீட்டுக்கு வந்து இருசப்பனிடம் விரலை நீட்டி விஷயத்தைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? மண்ணெண்ண வெச்சுத் தேச்சா போவுது," என்றான் அவன். "இல்லாட்டி போட்டுக்கு ஊத்தற தின்னரு கீது. பிளேடு கூட கீது."

"நீ சும்மா கெடய்யா. நான் பரிமளாவக் கேட்டுக்கறன்."

பரிமளா எதிர்வீட்டுப் பெண். புதுப்பட்டினத்தில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுரண்டினியா அத்த? சுரண்டவே கூடாது. பிச்சா தோலோட வந்துடும். பஞ்சும் வெக்காத, இந்தப் பசைல பஞ்சு பட்டா சூடு ஏறிச் சுட்டுடும். எங்க பார்லர்ல ஒரு பொண்ணுக்குப் பாவாடைல சிந்தித் தொடையே கொப்பளிச்சிச்சு."

"ரிமூவர்னு ஒண்ணு கீதாமே?"

"கீது. ஆனா உங்கையி பூரா வெடிப்பு, எரிச்சல் தாங்க மாட்ட. அடுப்பாண்ட வெச்சா குப்புனு பத்திக்கும் வேற. உனக்கு அது வேணாம். வெதுவெதுன்னு தண்ணில சோப்ப கரைச்சு, கால் மணி நேரம் விரல ஊற வை. அப்பறம் தேங்காண்ணய தடவி மெதுவா உருட்டு. ஓரம் வெள்ளையா தூக்கும். தூக்குனது மட்டும் வரட்டும், வராதத விட்டுடு. திரும்ப ஊற வை. மூணு நாலு தபா செஞ்சா தன்னால உரிஞ்சுடும். பொறுமதான் அத்த மருந்து."

பொறுமைக்கு ஆதியம்மாளிடம் பஞ்சமில்லை. தூக்கத்துக்குத்தான் பஞ்சம். சின்னக் குண்டானில் வெந்நீர் கலந்து, கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் தடவை ஊறவைத்து எண்ணெய் தேய்த்ததும் பரிமளா சொன்னபடியே ஓரத்தில் வெள்ளையாகத் தூக்கியது. கடுகளவு உரிந்தும் வந்தது. அடியில் ரேகை, உழுத கழனி மாதிரி வரிவரியாகத் தெரிந்தது. அப்பாடா! அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. இருசப்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள். தண்ணீரை மாற்றி இரண்டாம் தடவை விரலைப் போட்டாள்.

மூன்று நாள் அலுப்பு அந்த வெதுவெதுப்புக்காகவே காத்திருந்தது போலும். மணி ஏழரைகூட இருக்காது. தலை சாய்ந்தது. அப்படியே தூங்கிப்போனாள், அடித்துப் போட்ட மாதிரி.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. தலைக்கடியில் தலையணை, மேலே போர்வை. பதறிப்போய் விரலைப் பார்த்தாள். பசை துளிகூட இல்லை! பளபளவென்று, ரோஜா நிறத்தில், குழந்தை விரல் மாதிரி இருந்தது.

இருசப்பன் டீயோடு வந்தான். முகமெல்லாம் பெருமை. "நீ ஒறங்கிட்ட. எழுப்ப மனசு வரல. நானே முடிச்சுட்டன்."

"எதுல?"

"நைசு உப்புத்தாள்ல. தண்ணி தொட்டுத் தொட்டு, ஒரு மணி நேரம் தேச்சன். ஒனக்குத் தெரியவே இல்ல பாரு."

அவள் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நான் ஒட்டுப் போடறவன் ஆதி, எனக்குத் தெரியாதா? எவ்ளோ பெரிய ஓட்டையா இருக்கட்டும், மொதல்ல உப்புத்தாளு போட்டு வழுவழுன்னு தேக்கணும். தேக்காம போட்டா புடிக்காது. இப்ப வெச்சுப் பாரு, மிஷினு கப்புனு புடிக்கும்."

ஆதியம்மாள் கட்டைவிரலால் மோதிர விரல் நுனியைத் தடவிப் பார்த்தாள். வழுக்கியது. ஒருவேளை பிடித்தாலும் பிடிக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, டீயைக் குடிக்காமலே பஸ்ஸுக்கு ஓடினாள்.

அகெயின்காரிக்கு அன்றைக்கு நல்ல மூடு இல்லை. ஒரு தடவை, இரண்டு தடவை. புடவையில் துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள், மாரியாத்தாளை வேண்டி வைத்தாள். பின்னால் வரிசை நீண்டது. ஏழு அடித்தது. கலையரசன் அவள் விரலைப் பிடித்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தான்.

"இன்னாக்கா இது? கோடே இல்லியே. யாரு இப்பிடி செஞ்சது?"

"நானேதான்," என்றாள். "தோலு வளந்துடும்பா. பதினஞ்சு நாளு குடு."

"பதினஞ்சு நாளு எவன்கா குடுப்பான்? நேத்தே ரெண்டு பேரு பயோடேட்டா குடுத்துட்டுப் போனாங்க." அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். "யூனிபாரத்தையும் கார்டையும் செக்யூரிட்டிகிட்ட வெச்சுடுக்கா. மன்னிச்சுக்க."

இன்சூரன்ஸ் கார்டைப் பிளாஸ்டிக் உறையோடு மேசையில் வைத்தாள். அதில் இருசப்பனின் போட்டோவும் இருந்தது, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு.

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அந்த நாலு வருஷத்தில் காலை எட்டு மணி பஸ்ஸில் அவள் வீட்டுப் பக்கம் போனதே இல்லை. வழியெல்லாம் புருஷனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துவிட்டாயே, பாவி! உரிய ஆரம்பித்துவிட்டதே, இன்னும் இரண்டு தடவை ஊறவைத்திருந்தால் போதுமே, எழுப்பித் தொலைத்திருக்கக் கூடாதா, உன் முதுகுக்காகத்தானே நான் ஊரார் பீயைக் கழுவினேன். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டாள். நிறுத்தத்தில் இறங்கியபோது கோபத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இருசப்பன் வாசலில் ஒரு படகுத் துண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழ முயன்றான், முதுகு விடவில்லை. கையைத் தரையில் ஊன்றினான். அப்போதுதான் அவன் இடது கையைப் பார்த்தாள். மோதிர விரலில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கையில இன்னாய்யா?"

"இதுவா? ஒண்ணுமில்ல. ராத்திரி எந்தத் தாளு எரியும் எது எரியாதுன்னு மொதல்ல எங்கையில தேச்சுப் பாத்தன். முரட்டுத் தாளு கொஞ்சம் கிழிச்சுட்ச்சு. அப்பறந்தான் ஒனக்கு நைசுத் தாளா எடுத்தன்." சிரித்தான். "அத வுடு. விழுந்துச்சா?"

சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. ஆதியம்மாள் அவன் விரலைப் பார்த்தபடியே நின்றாள்.

"விழுந்துச்சுய்யா," என்றாள். "ஒரே தபால."

"நான் சொல்லல? அப்பறம் ஏன் இம்மாஞ் சீக்கிரம் வந்துட்ட?"

"கல்யாணக்காரங்க பூட்டாங்க. ரூமெல்லாம் காலி. மூணு நாளு தூங்கலியே, போய்த் தூங்குன்னு அனுப்சுட்டாங்க."

"நல்லவங்க," என்றான் இருசப்பன்.

அவள் உள்ளே போய், நேற்று விட்ட இடத்திலேயே கிடந்த குண்டானைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுப் படுத்தாள். வாசலில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் தூக்கம் கெடுமென்று அதுவும் நின்றது.

"ஆதி, ஒறங்கிட்டியா? பதினெட்டாந் தேதி காலைல எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

"சீக்கிரம் கெளம்பணும்," என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.