அளவு ரவிக்கை

"துணிக்கு உடம்பா, உடம்புக்குத் துணியா..." என்று என் பெரியப்பா எதையோ ஆரம்பிப்பார், மீதி எனக்கு மறந்துவிட்டது. ரவிக்கை தைப்பவனுக்கு அந்த மீதிதான் தொழிலே. மஸ்கட்டில் பதினாறு வருஷம் ஆண்களுக்குச் சட்டை தைத்துவிட்டு, மைசூருக்குத் திரும்பி மனைவி ஜெசியோடு கடை போட்ட பிறகுதான் இது தெரிந்தது. கத்திரி பிடிக்கும் சகோதரர்களே, உங்களுக்கும் நடந்திருக்கும்.

கல்யாணத்தில் போட்டது

பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டால் போதும், டேப் எடுக்கமாட்டோம். ரேவதி டீச்சர் கொடுத்தது அவருடைய கல்யாண ரவிக்கை. அதே அளவில் தைத்தேன். போட்டுப் பார்க்கப் போனவர் திரைக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை. "ரெண்டு பிள்ளை பெத்த உடம்பு டீச்சர், பழைய அளவு எப்படிப் பத்தும்?" என்று ஆறுதலாகத்தான் கேட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஹனூரில் அவர் தங்கைக்குக் கல்யாணம். ரவிக்கையை மேஜைமேல் வைத்தார். "நான் போகல. அக்கா எங்கேன்னு கேட்டா ஜுரம்னு சொல்லிக்கறேன், விடுங்கண்ணா."

நர்ஸம்மா

ஜெசி அளவெடுத்தால் எண்ணைக் கூவுவாள், நான் தையல் மெஷினிலிருந்தே நோட்டில் எழுதுவேன். மறுநாள் புதிதாக வந்த ஒரு நர்ஸம்மாவுக்கு, "நாற்பத்தி..." என்று ஆரம்பித்ததுமே அவர் ஜெசியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ஆஸ்பத்திரியில பேஷண்ட்டோட எடையையே நான் காதுலதான் சொல்றேன். நீங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்றீங்களே!"

இரண்டு விரல் துணி

ஜெசி என்னைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் டீச்சரிடம் நான் கேட்டது இருவருக்கும் ஞாபகம் வந்தது. அன்று மாலையே டீச்சர் வீட்டுக்குப் போனோம். "தப்பாப் பேசிட்டேன் டீச்சர்" என்று வாசலிலேயே சொன்னேன். ஜெசி உள்ளே போய் அளவெடுத்தாள். ஒரு எண்கூட வெளியே கேட்கவில்லை. நல்ல வேளை, தையலுக்குள் இரண்டு விரல் துணி விட்டிருந்தேன். பிரித்துத் தைத்து சனிக்கிழமை கொடுத்தோம்.

போட்டுக்கொண்டு வந்த டீச்சர், கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "அக்குள்ல ஸ்வல்பம்கூட இறுக்கல ஜெசி! தங்கச்சி என்னைவிட உயரம். அவ தலையில பூ வைக்கக் கை எட்டணுமேன்னுதான் இருந்தது."

திங்கட்கிழமை முதல் என் கடையில் அளவு ரவிக்கை வாங்குவதில்லை. ஜெசி டேப் பிடித்து என் காதில் சொல்கிறாள், நான் எழுதிக்கொள்கிறேன்.