மாடி வீட்டுக்காரரின் முகமூடி

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, கும்மிடிப்பூண்டியில் எங்கள் மாடியில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக்காரர் ஒருவர் குடியிருந்தார். என் கணவர் சூப்பர்வைசராக இருந்த இரும்பு உருக்காலைக்கு வேலை பழக வந்தவர். அவருக்கு வீடு தர எல்லோரும் தயங்கியபோது நான்தான் மாடியைக் கொடுக்கச் சொன்னேன். என்னை ‘சிஸ்டர்’ என்பார். இருவருக்குமே ஆங்கிலம் அரைகுறை. அதனால் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டோம்.

குடல்வால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று என் கையில் ஒரு துணிப்பொட்டலத்தை வைத்தார். உள்ளே உள்ளங்கை அளவு மரமுகம். எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. அவர் டான் இனத்தவர். காட்டில் உருவமில்லாமல் திரியும் ஆவி யாருடைய கனவிலாவது வந்து தனக்கொரு முகம் கேட்குமாம். செதுக்கிக் கொடுத்தால் அதில் தங்கி அந்தக் குடும்பத்தைக் காக்குமாம். ஊரில் இருக்கும் பெரிய முகமூடிக்கு இது குட்டி, வெளியூர் போகிறவருக்குத் துணை.

“யாருக்கும் காட்டாதீர்கள், சிஸ்டர்,” என்றார்.

பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பிலை கட்டி வலம் வந்தவள் நான். எனக்கு அது புரிந்தது. பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். கணவரிடம் மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் ஆயுத பூஜைக்கு ஆலைக்குப் போனோம். மேனேஜர் அறையில் பொரி வாங்கக் கை நீட்டியபோது, ஷோகேஸில் பித்தளை யானைக்குப் பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் குங்குமம் வேறு.

“உங்க வீட்டுக்காரர் பிரசண்ட் பண்ணது,” என்றார் மேனேஜர்.

“அது எங்களுது இல்ல சார். மாடி ஊட்டுக்காரரு என்னை நம்பிக் குடுத்தது.”

கணவர் சிரித்தார். “அவ இன்னாவோ பேசுறா, விடுங்க சார். ஒரு மரக்கட்டைக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு.”

அந்தச் சிரிப்பில் நான் அவர் மனைவி இல்லை. மேனேஜருக்கும் அவருக்கும் நடுவில் நிற்கும் ஒரு இடைஞ்சல். நானே ஷோகேஸைத் திறந்து முகத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாடி வீட்டுக்காரர் குங்குமத்தைக் கட்டைவிரலால் வெகுநேரம் துடைத்தார்.

“யாருக்குக் காட்டினீர்கள்?”

“நான் காட்டவில்லை,” என்றேன். அவர் நம்பவில்லை. முகத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

வீட்டில் கணவர், “மேனேஜராண்ட பகல் ஷிப்ட் கேட்டுக்கினு இருந்தேன்ல, உனக்காவத்தான் அத்தக் குடுத்தேன்,” என்றார்.

மாடி வீட்டுக்காரர் திரும்பி வரவேயில்லை. ஆள் அனுப்பிச் சாமான்களை எடுத்துக்கொண்டார். அவர் ஊருக்கே போய்விட்டதைக் கணவர்தான், சாப்பிட்டுக்கொண்டே, ஆலைச் செய்தி போலச் சொன்னார். தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.