என் குரல் எண்ணிக்கொண்டே இருந்தது

போன தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை முற்பகல். பிள்ளைகள் வீடியோவுக்காக ஒரு கத்தரிக்காய் பொம்மைக்குக் கண் ஒட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண்.

"நீங்கதான சங்கு அக்கா?" என்றது ஓர் ஆண் குரல்.

ஆமாம் என்றேன், உற்சாகமாக. பாராட்டுவதற்காகப் பெற்றோர் இப்படிக் கூப்பிடுவதுண்டு.

"எம் பிள்ள தண்ணி டிரம்முக்குள்ள தலைய விட்டுக் கெடந்தா. பக்கத்துல செல்லு ஓடிட்டு இருந்துச்சு. அதுல நீங்க எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மகள் பேர் கனிஷ்கா, வயது ஏழு, எட்டயபுரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம், இன்னும் கண் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இந்தச் சாட்சியைப் படிப்பவர்களில் என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் அமலி, எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவள். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் போனில் அனுப்ப ஆரம்பித்தேன். அது 'சங்கு அக்கா' என்ற சேனலாகி, ஆப்பாகி, துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு மாடியறை ஆபீசும் நாலு பேர் வேலையுமாக வளர்ந்தது. வாய்த்துடுக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதோடு தலைக்கனமும் சேர்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். அவர் கடலுக்கடியில் இருக்கும்போது வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருந்து, அவர் அசைத்ததும் மேலே இழுப்பவர் என் அண்ணன் அந்தோணி. எங்கள் பக்கத்தில் மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள். தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பான்? இவர்களை வைத்து, எண்கள் சொல்லிக்கொடுக்க ஒரு வீடியோ எடுத்தேன். முத்துக் குளிப்பவர்களைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு, சங்கு அக்கா எண்ண எண்ண எதுவரை போகிறோம் என்று பார்க்கும் விளையாட்டு. அண்ணன் கயிற்றோடு உட்கார்ந்திருக்கும் இடம் வந்ததும் பிள்ளைகள் வேறு வீடியோவுக்குத் தாவினார்கள். அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி போட்டேன்.

அண்ணன் பார்த்துவிட்டு ஆபீசுக்கே வந்தார். "ஏளா, கயிறு பிடிக்கிற ஆளு எங்க? ஆளில்லாம எவன் தண்ணிக்குள்ள எறங்குவான்?"

"ஒன் மூஞ்சிய யாருண்ணே பாக்கா? இது வெளையாட்டு. நீ போயி ஒன் சோலியப் பாரு" என்று விரட்டிவிட்டேன்.

தினமும் காலைப் பூசை முடிந்ததும் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றி, "வீடு வீடாப் போய்ச் சேரட்டும் தாயே" என்று வேண்டினேன். போய்ச் சேர்ந்தது. கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. வீடியோவுக்குக் கீழே 'எங்க பாப்பா முப்பது வரை' என்று ஒருவர் எழுதுவார். 'எங்க தம்பி நாப்பத்தஞ்சு' என்று இன்னொருவர். ஒரு நாள் ஒரு தாய், 'வாளித் தண்ணியில முகத்த வச்சு அம்பது' என்று எழுதியிருந்தார். படித்ததும் அண்ணன் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் கைதட்டும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன். ஆண்டவர் அப்போதே எனக்குச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

அந்தப் போன் வந்த கையோடு, அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கனிஷ்காவின் தாய் என் சேலையைப் பிடித்து உலுக்குவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"உள்ள போயி ஒரு தடவ கூப்பிடுங்கக்கா. ஒங்க கொரலுன்னா அவளுக்கு உசுரு. எந்திரிச்சிருவா."

ஐயோ, அதைவிட என்னை அடித்திருக்கலாம். உள்ளே போனேன். வாயில் குழாய் மாட்டியிருந்தது. வீடியோவில் பேசுகிற அதே குரலில், "கனிஷ்கா, சங்கு அக்கா வந்துருக்கேன்" என்றேன். இமைகூட அசையவில்லை. இந்தக் குரலை நம்பித்தானே போனாள்!

வெளியே வந்து, ஆட்கள் நடக்கிற இடத்திலேயே முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, வீடு வீடாகப் போக வேண்டும் என்று கேட்டேன், கொடுத்தீர். இப்போது என் தொழிலை எடுத்துக்கொள்ளும். இந்தக் குரலையும் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாயிடம் பிள்ளையைக் கொடுத்துவிடும்." அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையை ஆரம்பித்தார். அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் போட்டு அந்த வீடியோவை எடுக்கச் சொன்னேன்.

வியாழன் போனது. வெள்ளி போனது. டாக்டர்கள் என்னென்னவோ செய்தார்கள், ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கனிஷ்கா கண் திறந்தாள். குழாயை எடுத்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். பிள்ளை என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். கரகரத்த தொண்டையில் கேட்டாள்: "அக்கா, நான் எத்தன வரைக்கும் போனேன்?"

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நன்றியில் அழுதேன். பயத்திலும் அழுதேன்.

கனிஷ்கா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பிள்ளைகளைத் தனியாக எதையும் செய்யச் சொல்லும் வீடியோவை நான் எடுப்பதில்லை. ஆண்டவர் என் தொழிலை எடுத்துக்கொள்ளவில்லை, என்னைத்தான் மாற்றினார். அவருக்குக் கோடி நன்றி.

ஆனால் சாட்சி என்றால் முழுதையும் சொல்ல வேண்டும். நான் அழித்த வீடியோவை யார் யாரோ பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். வேறு வேறு பேர்களில் அது இன்னும் ஓடுகிறது. தினமும் தேடிப் பிடித்துப் புகார் கொடுக்கிறேன். நேற்றும் ஒன்று கிடைத்தது. அதன் கீழே ஒரு தாய் பெருமையாக எழுதியிருந்தார்: 'எங்க பாப்பா அறுபது. நாளைக்கு இன்னும் மேல போவா.' உடனே நிறுத்துங்கள் என்று எழுதினேன். இதை எழுதும் இந்த நிமிடம் வரை பதில் இல்லை. எந்த ஊர், யார் பிள்ளை என்று தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். கனிஷ்காவைக் கொடுத்தவர் அவளையும் காப்பார் என்று நம்புகிறேன். நீங்களும் நம்புங்கள். இதைப் படித்து முடித்த கையோடு, அந்த வீட்டுக்காக என்னோடு சேர்ந்து முழங்காலில் நில்லுங்கள்.